யூதாஸின் மூக்குக்கு வந்த அரசாணை

எங்கள் ரொக்காஸ்பீனா கோயிலின் பெரிய ஓவியத்தில் சீடர்கள் பன்னிரண்டு பேர், முகங்கள் பதினொன்று. பன்னிரண்டாவது முகம் வாராவாரம் என் சவரக்கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, பழைய செய்தித்தாளைப் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. பொய் சொல்ல வேண்டிய சிரமத்தை அரசாங்க அலுவலகம் எனக்கு வைக்கவில்லை.

ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களுக்கு முன் வடக்கிலிருந்து ஓர் ஓவியன் வந்து, இயேசுவின் கடைசி இராவுணவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தான். முகங்களைத் தேடி வெளியூர் போகவில்லை. பேதுருவின் தாடை இன்றைக்கும் மருந்துக்கடை பிராங்கலியோனி குடும்பத்தில் இருக்கிறது. யோவானின் சுருள்முடி பத்திரம் எழுதுகிறவர்களின் வீட்டில் இருக்கிறது, கொஞ்சம் கொட்டிவிட்டது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் மூக்கு காம்பகோர்த்தா குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்கள் பரம்பரையாகப் பெருஞ்சீரகமும் பூண்டும் அடைத்து முழுப் பன்றியை வாட்டி விற்கிறவர்கள். ஓவியன் மொறுமொறுப்பான தோல் கேட்டானாம், அந்தக் காலத்துக் காம்பகோர்த்தா வறண்ட தொடைக்கறியை வெட்டிக் கொடுத்தாராம். கலைஞனின் கோபம், எண்ணெயில் கரைத்து அடித்துவிட்டான். மேலே மெலிந்து, நடுவில் ஒரு திருப்பம் திரும்பி, நுனியில் எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறதுபோல் குனியும் மூக்கு அது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு தன் சீடர்களுக்குச் செய்த நினைவாக நடக்கும் பாதம் கழுவும் சடங்குக்கு அந்தப் பன்னிரண்டு குடும்பங்களிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் வந்து ஓவியத்தின் கீழே உட்காரவேண்டும். சாமியார் பேதுருவில் தொடங்கி யூதாஸில் முடிப்பார். ஒரே பாத்திரம், ஒரே தண்ணீர். ஊர்த் தூசி முழுவதும் கரைந்த பிறகுதான் அது யூதாஸ் காலுக்கு வந்து சேரும். அந்த மூக்கின் இன்றைய வாரிசான ஒரெஸ்தே காம்பகோர்த்தா அதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சனிக்கிழமை அவருடைய வண்டி முன்னால் அதே பதினொரு சீடர்களும் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கோயில் கூரை ஒழுகியது. சரியாக யூதாஸுக்கு மேலே ஒழுகியது. எங்கள் செத்திமியோ சாமியார் மாவட்டத் தலைநகரிலிருந்த கலைச்செல்வ மேற்பார்வை அலுவலகத்துக்கு எழுதினார். ஓவியம் எங்களுடையது, கூரை வேறு பிரிவினுடையது, ஓவியத்துக்கும் கூரைக்கும் இடைப்பட்ட காற்று ஒரு கூட்டுக்குழுவின் கீழ் வருகிறது, அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. சாமியார் தார்ப்பாய் கட்டினார். ஓர் அதிகாரி வந்து, தார்ப்பாய் ஓவியத்தின் பார்வைச் சூழலைக் கெடுக்கிறது என்று அவிழ்த்துப்போனார். நான் என் மனைவியின் குடையை விரித்து விட்டத்தில் கட்டினேன். அனுமதியில்லாமல் புராதனக் கட்டடத்துக்குள் நவீனக் கட்டுமானம் எழுப்பியதாக எனக்கு அறிவிப்பு வந்தது. குடையை எடுத்துப்போய் எண் போட்டு, ஈரம் படாத அறையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் யூதாஸின் முகம் உதிர்ந்தது. சாமியார் பொடியை ஒரு வெள்ளித் தட்டில் ஏந்தி அலுவலகத்துக்கு அனுப்பினார். தட்டை நன்றாகக் கழுவித் திருப்பி அனுப்பினார்கள்.

முகம் போன பிறகு கார் வந்தது. காரிலிருந்து மேற்பார்வையாளர் டாக்டர் லுதோவிகோ பஸ்த்ரெங்கோ இறங்கினார். கழுத்தில் பட்டுத்துணி சுற்றியிருந்தார். ஓவியத்தின் முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எங்களைப் பார்த்துப் பேசினார்.

"மழை நம்ம கையில இல்ல. ஆனா மழை பெஞ்சு முடிஞ்சப்புறம் வர்றது நம்ம கையில இருக்கு. வந்துட்டோம்."

பழைய முகத்தின் புகைப்படம் அலுவலகத்தில் இருக்குமே என்று சாமியார் கேட்டார். இருந்தது, அலுவலகத்தின் நிலவறையில் இருந்தது, நிலவறையில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று டாக்டர் கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னார். அலுவலகத்தின் கூரையும் அந்த இன்னொரு பிரிவுதானாம்.

துக்கம் பசியைக் கிளப்பும். டாக்டர் சதுக்கத்தில் ஒரெஸ்தேயின் வண்டிக்குப் போய் கறி அடைத்த ரொட்டி ஒன்றும் வீட்டுக்குக் கொஞ்சம் கறியும் கேட்டார். ஒரு கடி கடித்தார். நிமிர்ந்தார். கடித்த வாயை மூடவில்லை.

"அசையாதீங்க" என்றார்.

ஒரெஸ்தே கத்தியும் கையுமாக நின்றார். "வீட்டுக்கும் கொஞ்சம் கேட்டீங்களே, வெட்டணுமா வேணாமா?"

"இனிமே நீங்க எதையும் வெட்டக்கூடாது. அனல் கிட்ட நிக்கவே கூடாது. நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றுதான் ஒரெஸ்தே நினைத்திருந்தார். ஆணை வந்த பிறகுதான் விவரம் புரிந்தது. அழிந்துபோன மறுமலர்ச்சிக்கால முகமொன்றுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று என்ற முறையில், ஒரெஸ்தே காம்பகோர்த்தா, மூக்கும் அதைத் தாங்கும் மற்ற பாகங்களும் சேர்த்து, நாட்டின் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டிருந்தார்.

ஓவியங்களுக்குப் பதிவு எண்ணை முதுகுப்பக்கம் போடுவார்கள். அவருக்குப் பிடரியில் போட்டார்கள். அங்கே முடி வளராமல் பார்த்துக்கொள்ள எனக்கு உத்தரவு. முகத்தில் கை வைக்கக்கூடாது என்பது இன்னோர் உத்தரவு. சவரம் என்பது மேற்பரப்பை நீக்கும் செயலாம். தாடி வளர்ந்தது, வளர்ந்து மூக்கின் நுனியைத் தொட்டது. பார்வைக்குத் தடை என்று புகார் எழுந்து, தலைநகரிலிருந்து பழுதுபார்ப்பவர்கள் இரண்டு பேர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு கன்னத்தை முடித்தார்கள். மறு கன்னத்துக்கு அனுமதி வரவில்லை. கழுத்தில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். சூப் குடித்தால் அது கூவும்.

காவலுக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். அணைந்த அடுப்பில் மிச்சமிருந்த பன்றி கெட்டுப்போகாமல் இருக்க, அதை அவர்களே தின்று தீர்த்தார்கள். எர்ஸீலியாவின் மதுக்கடையில் ஒரெஸ்தே உட்காரும் நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். கயிற்றைத் தாண்டி யாரும் போகக்கூடாது. சீட்டாட்டத்தில் தன் கையில் இருக்கும் சீட்டை அவர் எனக்குக் கத்திச் சொல்வார், நான் அவருக்காக மேசையில் போடுவேன். அந்த ஆண்டு முழுவதும் அவர் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை.

இதையெல்லாம் ஒரெஸ்தே பொறுத்துக்கொண்டார். பாதம் கழுவிய தண்ணீரையே பொறுத்த மனிதர். பொறுக்க முடியாத ஒன்று தூரின் நகரத்தில் இருந்தது. அவருடைய ஒரே மகள் மரிலேனா அங்கே டிராம் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். மனைவி இல்லாத வீட்டில் அவர் தனியாக வளர்த்த பெண். அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஒரெஸ்தேதான் ஞானத்தகப்பன், அவர்தான் ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கவேண்டும் என்று அவள் கர்ப்பமாக இருந்தபோதே முடிவாகியிருந்தது.

அவள் மதுக்கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டாள். காவலர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று குழாயை நான் ஒரெஸ்தேயின் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டிருக்கவேண்டும், நல்லவேளை காவலர்கள் மென்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா, அப்படியே உன் மூக்கு" என்றாள் மரிலேனா. "பொறந்தவுடனே நர்சு சிரிச்சுட்டா."

ஒரெஸ்தேயின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். "மூக்கைப் பத்திப் பேசாதம்மா" என்றார் மெதுவாக. "யாருகிட்டயும் பேசாத. வெளிய கொண்டுபோனா துணி போட்டு மூடு. நான் வரேன்."

"நீ வராம தண்ணி ஊத்த விடமாட்டேன். என் மாமியார் நாளைக்கே ஊத்தணும்னு குதிக்கிறாங்க. சீக்கிரம் வா."

ஒரெஸ்தே தலைநகருக்குப் போய் டாக்டர் பஸ்த்ரெங்கோவைப் பார்த்தார். துணைக்கு நான் போனேன். டாக்டரின் அறையில் எங்கள் பக்கத்துக் கோயில்களிலிருந்து பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த மரச்சிற்பங்கள் ஏழெட்டு இருந்தன. ஒரு தேவதூதனின் இறக்கையில் அவருடைய மேல்கோட்டு தொங்கியது.

"தூரினா?" என்றார் டாக்டர். "மாவட்டத்த விட்டு வெளிய போறதுன்னா இரவல் கொடுக்கிறதுன்னு அர்த்தம். அங்கீகாரம் பெற்ற கலைக்கூடம் எதாவது உங்கள எழுதிக் கேட்டிருக்கா?"

"என் பொண்ணு கேட்டிருக்கா."

"அவங்ககிட்ட ஈரப்பதக் கட்டுப்பாடு இருக்கா?"

"ரெண்டாவது மாடி ஐயா. நல்ல காத்து வரும்."

டாக்டர் கண்களை மூடித் திறந்தார். இரவல் கொடுத்தாலும் காற்றுப் புகாத மரப்பெட்டியில்தான் அனுப்பவேண்டும், நின்ற நிலையில், முகம் முன்னோக்கி. பெட்டிக்குள் மூச்சு விட்டால் ஈரப்பதம் கூடும், ஆகையால் வழியில் அதைத் தவிர்க்கவேண்டும் என்று விளக்கினார்.

"நான் தாத்தா ஆயிட்டேன் ஐயா" என்றார் ஒரெஸ்தே.

"அது உங்க சொந்தப் பயன்பாடு. நீங்க இப்ப உங்களுக்குச் சொந்தமில்ல. மக்களுக்குச் சொந்தம். கலை மக்களோடதுங்க, ஒரெஸ்தே. அதனாலதான் அத மக்கள்கிட்டேர்ந்து காப்பாத்திக்கிட்டு இருக்கோம்."

திரும்பும் பேருந்தில் ஒரெஸ்தே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஈரப்பதக் கருவி ஊர் வரும்வரை கூவிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் அவர் சூப் குடிப்பதாக நினைத்திருப்பார்.

வழி சொன்னவள் எர்ஸீலியாதான். குவளையைத் துடைத்துக்கொண்டே, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "நீ அசல்னு உனக்கு யாருய்யா சொன்னது? போலின்னு சொல்லிடேன்."

கடையில் சீட்டாட்டம் நின்றது. பிறகு எல்லோருக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரெஸ்தேயின் முப்பாட்டனார் காலத்திலும் இதே கூரை ஒழுகி, இதே யூதாஸின் முகம் உதிர்ந்து, சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவன் முப்பாட்டனாரை எதிரில் உட்காரவைத்து முகத்தைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனான். அதாவது மூக்கு மறுமலர்ச்சிக் காலத்தது அல்ல, வெள்ளையடித்தவன் காலத்தது. இது உண்மையா என்று என்னைக் கேட்கவேண்டாம். அன்று மாலை அந்தக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இது நினைவிருந்தது. செத்திமியோ சாமியாருக்கு மட்டும் நினைவில்லை, அவர் பொய் சொல்லக்கூடாதவர். ஆனால் கூரை எல்லாக் காலத்திலும் ஒழுகியது என்று சத்தியம் செய்யத் தயார் என்றார்.

அலுவலகம் விசாரணைக்கு ஒரு கருத்தரங்கு கூட்டியது. மருந்துக்கடை பிராங்கலியோனி, வெள்ளையடித்தவனுக்கு ஒரு கால் கிடையாது என்று தாத்தா சொல்லியிருப்பதாகச் சாட்சி சொன்னார். எர்ஸீலியா, அவன் நன்றாக நடனமாடுவான் என்றாள். நான் அவன் பிறவிக் குருடன் என்றேன், அது கொஞ்சம் அதிகம்தான். சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததே வாய்மொழி மரபின் உண்மைத்தன்மைக்கு அடையாளம் என்று ஒரு பேராசிரியர் எழுந்து அறிவித்தார். அவர் ஒரெஸ்தேயின் மூக்கைப் பக்கவாட்டில் பார்த்து, இதில் மலிவான உணர்ச்சிப்பெருக்கு தெரிகிறது, இந்தத் திருப்பம் சந்தைத்தனமானது, எந்த மறுமலர்ச்சிக் கலைஞனும் இப்படி ஒரு மூக்குக்குக் கையெழுத்துப் போடமாட்டான் என்றார். ஒரெஸ்தே எழுந்து நின்று நன்றி சொன்னார்.

சென்ற ஆண்டு இதே மூக்கை மனிதகுலத்தின் சிகரம் என்று எழுதியிருந்த டாக்டர் பஸ்த்ரெங்கோ கடைசியாகப் பேசினார்.

"எனக்கு மொத நாளே சந்தேகம். அதனாலதான் அவ்வளவு உறுதியாச் சொன்னேன். சந்தேகம் இருக்கிற எடத்துல அலுவலகம் தயங்கினா, மக்கள் எங்கள நம்பமாட்டாங்க. இப்ப இது பிற்காலச் சேர்க்கைன்னு தெரிஞ்சுபோச்சு. பிற்காலச் சேர்க்கைக்கு நம்ம விதி என்ன? நீக்கணும்."

கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். எதை நீக்குவது என்று எர்ஸீலியா கேட்ட பிறகுதான் எங்கள் கைகள் நின்றன.

அடுத்த வாரம் தலைநகரிலிருந்து ஒர்ஸோலா அம்மையார் வந்தார். பழுதுபார்ப்பதில் கைதேர்ந்தவர். ஒரெஸ்தேயை என் சவர நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் பஞ்சு, கரைப்பான், ஐந்து வகைக் கத்தி எல்லாவற்றையும் பரப்பினார். ஒரெஸ்தே நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தூரினுக்கு மூக்கில்லாமல் போனாலும் போகத் தயார், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். மாமியார் அதற்குமேல் பொறுக்கமாட்டார்.

ஒர்ஸோலா கத்தியை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். கலைப்பொருளில் செய்யும் எந்த வேலையும் பின்னால் வேண்டாமென்றால் பழையபடி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. மூக்கை எடுத்தால் திருப்பி வைக்கமுடியுமா என்று அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். அங்கே கூட்டம் போட்டு, வைக்கலாம், ஆனால் ஒட்டு தெரியும் என்று முடிவு செய்தார்கள். ஒட்டு தெரிவது விதிக்கு ஏற்புடையதுதான் என்று ஒருவர் வாதாடினார். ஒருவழியாக, நீக்குவதற்குப் பதில் மறைத்தால் போதும் என்று பெரும்பான்மை கருதியது. வேலையே வேண்டாம் என்று விட்டுவிட வழியில்லை, நிதி ஒதுக்கியாகிவிட்டது.

பழைய ஓவியத்தில் உதிர்ந்த இடத்தை நிரப்ப அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. நீர்வண்ணத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளாக நெருக்கிப் போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் படம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் கோடு தெரியும், இது அசல் அல்ல என்று புரியும். தண்ணீர் பட்டால் போய்விடும். ஒர்ஸோலா ஒரெஸ்தேயின் மூக்கில் அந்தக் கோடுகளைப் போட்டார், புதன் முழுவதும், வியாழன் முழுவதும். முடித்ததும் சதுக்கத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்து, மூக்கு மாதிரியே இருக்கிறது என்றார்.

அப்படியாக ஒரெஸ்தே கலைச்செல்வம் என்ற நிலையிலிருந்து இறங்கி, நிரப்பப்பட்ட இடைவெளி என்ற நிலைக்கு வந்தார். இடைவெளி பயணம் செய்யலாம். ஆனால் உடன் ஓர் ஆள் போய், போய்ச்சேர்ந்த நிலை குறித்து அலுவலகத்துக்கு எழுதவேண்டும். குடை விவகாரத்தில் நான் ஏற்கெனவே ஓவியத்துடன் தொடர்புடைய நபராகப் பதிவாகியிருந்ததால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ரயிலில் எதிரில் உட்கார்ந்த ஒரு பெண், இது தொற்றுமா என்று கேட்டாள். ஊரெல்லாம் பரவியிருக்கிறது என்று சொன்னேன்.

தூரினில் அந்த மாமியார் ஒரெஸ்தேயின் மூக்கைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மரிலேனா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கோயிலில் ஒரெஸ்தே குழந்தையை ஏந்தினார். தாடி ஒரு கன்னத்தில் மட்டும் இருந்தது, பிடரியில் எண் இருந்தது. குழந்தையின் முகத்துத் துணியை விலக்கியபோது எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. மெலிந்து, திரும்பி, குனிந்து, எதையோ தேடிக்கொண்டு, அத்தனையும் அதே. வெள்ளையடித்தவன் சுத்தமான கைக்காரன்.

பங்குச்சாமியார் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீறிட்டுக்கொண்டு கையை வீசியது. தண்ணீர் தெறித்தது. பிறகு அந்த நனைந்த கை மேலே வந்து, தாத்தாவின் மூக்கைக் கெட்டியாகப் பிடித்தது. விடவில்லை. இரண்டு நாள் வேலை விரலிடுக்கில் பழுப்பாக ஒழுகி, ஞானஸ்நான உடையின் லேஸில் சொட்டியது.

"அப்பா, உடுப்பு" என்றாள் மரிலேனா.

"இருக்கட்டும்" என்றார் ஒரெஸ்தே. தலையை இன்னும் தாழ்த்திக் கொடுத்தார். "பிடிச்சுக்கட்டும். அவனோடதுதானே."

அன்று மாலை நான் அலுவலகத்துக்கு எழுதினேன். நிரப்பப்பட்ட இடைவெளி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது, குழந்தையிடம் குறிப்பிடத்தக்க மூக்கு எதுவும் காணப்படவில்லை. பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு பதில் வந்தது.

ஒரெஸ்தே ஊருக்குத் திரும்பவில்லை. தூரினில் டிராம் நிலையத்துக்கு எதிரே வண்டி போட்டிருக்கிறார், முகத்தை முழுவதுமாக மழித்திருக்கிறார். எங்கள் ஓவியத்தில் யூதாஸின் முகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் நிறத் திட்டு, அதில் செங்குத்துக் கோடுகள். கூரை இன்னும் ஒழுகுகிறது. ஆனால் ஓட்டை நகர்ந்து, தண்ணீர் இப்போது பேதுருவின் தாடைமேல் சொட்டுகிறது. மருந்துக்கடை பிராங்கலியோனி வெயில் காலத்திலும் மப்ளரை வாய்வரைக்கும் சுற்றிக்கொண்டுதான் மருந்து விற்கிறார்.

பழுதுபார்த்த ஓவியத்தின் திறப்புவிழாவை அலுவலகம் பெரிய வியாழனன்று வைத்தது. டாக்டர் பஸ்த்ரெங்கோ பட்டுத்துணியோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். கூரைக்கும் ஓவியத்துக்கும் இடைப்பட்ட காற்றுக்கான கூட்டுக்குழு அமைந்துவிட்டது, அதன் தலைவர் தான்தான் என்று அறிவித்தார். பாதம் கழுவும் சடங்கு தொடங்கியது. பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"மரபுல வெற்றிடம் விழக்கூடாது" என்று சொல்லிவிட்டு, டாக்டர் தானே போய் அதில் உட்கார்ந்தார். புகைப்படக்காரரைப் பார்த்து முகவாயை உயர்த்தினார். அது யாருடைய இடம் என்று ஊரில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. ஒழுகல் அப்போதும் பேதுருவின் தாடைமேல் சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பற்றியும் சொல்லவில்லை.

செத்திமியோ சாமியார் மருந்துக்கடைக்காரரில் தொடங்கி, ஒவ்வொருவராக முழங்காலிட்டுக் கழுவிக்கொண்டே வந்தார். அன்று ஊரில் மழை, தெருவெல்லாம் சேறு. டாக்டர் காலணியைக் கழற்றி, வெள்ளைக் காலுறையைக் கழற்றி, பாதத்தை நீட்டினார். சாமியார் பாத்திரத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மேலே அந்தச் சாம்பல் திட்டைப் பார்த்தார்.

பொய் சொல்லக்கூடாதவர் அவர். ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரையும் மாற்றவில்லை.